நெவில் ஓல்ட்நோவிடம் மிஞ்சிய சொல்

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால்
தட்டிக்கொண்டிருந்தபோது
மூளையின் இடப்புறம் ஏதோ அடைத்து
உடம்பின் வலப்புறம் போயிற்று நெவிலுக்கு.
பேச்சும் போயிற்று.
ஒரு சொல் மட்டும்,
வெள்ளம் வடிந்த வீட்டில் ஆணியில் தொங்கும் காலண்டர்போல
நனையாமல் நின்றது:
ரைட்.

போன பக்கத்தின் பெயரையே
வாய் பிடித்துக்கொண்டது பார், என்றாள் டாஃப்னி
ஆஸ்பத்திரி லிஃப்டில்,
கூட யாரும் இல்லாதபோது.

தேநீர்? ரைட்.
ஜன்னலைச் சாத்தவா? ரைட்.
சாத்தினால் முகம் சுளித்து, ரைட்.
திறந்தாலும் ரைட்.
பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பென்சிலை நீட்டி
எழுதுங்கள் என்றாள்.
அவர்கள் மொழியில் அதற்கும் அதே ஒலி.
தொலைந்த பொருளை யாரோ திருப்பித் தந்ததுபோல்
நிமிர்ந்து சிரித்தான்.
பென்சில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

நமக்கென்றால் வலம் வேறு, சரி வேறு,
உரிமை வேறு, கிளம்பலாமா வேறு.
பூட்டுக்கு ஒரு சாவி.
அவளிடம் இருப்பது ஒரே சாவி,
பூட்டைத்தான் தினமும் தேட வேண்டும்.
ஆறு வாரத்தில் பதினொரு பொருள் பிரித்துவிட்டாள்,
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.
நீட்டிச் சொன்னால் வலிக்கிறது.
வெட்டிச் சொன்னால் போதும்.
மூக்கால் சொன்னால், ரேடியோவில் மந்திரி பொய் சொல்கிறான்.
இரவில், மெதுவாக, இரண்டு முறை சொன்னால்...
அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

தபால் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல்
சம்பளமில்லாத வேலை ஒன்று பார்த்தான் நெவில்:
டெர்பிஷயர் மேய்ச்சல் நிலங்களின் ஊடே
ஊரார் நடந்துபோகும் உரிமையைக் காப்பது.
அந்த உரிமைக்கும் பெயர் ரைட்தான்.
நடக்காத பாதையைப் புல் தின்னும் என்று
மழையில், சளியோடு,
ஒரு கையில் வரைபடம், ஒரு கையில் கிளைவெட்டும் கத்தரி.
ஹெத்கோட் தன் ஆட்டுநிலத்தின் குறுக்கே
முள்கம்பி இழுத்தபோது மனுப் போட்டவனும் அவனே.
விசாரணைக்கு ஜூனில் தேதி வந்தது.

கிராம மண்டபம். ஈரச்சுவர், பிஸ்கட் வாசனை.
வாசற்படியில் சக்கர நாற்காலி இடித்துக்கொண்டது.
விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றி
மரியாதையாகத்தான் கேட்டாள்:
மிஸ்டர் ஓல்ட்நோ, அந்தப் பட்ட ஆஷ் மரத்தருகே
பாதை இடப்பக்கம் திரும்பியதா?

ரைட், என்றான்.

பேனா நின்றது.
ஆமாம், இடப்பக்கம்தான் என்கிறானா?
இல்லை, வலப்பக்கம் என்கிறானா?
ஹெத்கோட்டின் வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார்.
பின்வரிசையில் ஒரு சிரிப்பு இருமலாக மாறியது.
எல்லோரும் டாஃப்னியைப் பார்த்தார்கள்.
நோட்டில் இது இல்லை.
முழங்கால் வலி வந்தபின் அந்தப் பக்கம் அவள் போனதுமில்லை.
ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.
எனக்குத் தெரியாது, என்றாள்.

அப்போது அவன் இடக்கை,
மடியில் யாரோ மறந்துவிட்டுப்போன பொட்டலமாகக் கிடந்த
வலக்கையின் மணிக்கட்டைப் பற்றித் தூக்கி
மேசையில் விரித்த வரைபடத்தின்மேல் வைத்தது.
செத்த விரலைத் தள்ளித் தள்ளி
வேலிப்படி தாண்டி, ஓடை தாண்டி,
மரம்வரை நடத்திப்போய்
திருப்பியது.
எந்தப் பக்கம் என்பது கோப்பில் இருக்கிறது.

அந்த ஊரில் விருந்தாளி கிளம்பும்போது
இரண்டு முழங்காலையும் தட்டி ரைட் என்பான்,
பிறகும் இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பான்.
நெவில் ஒரு முழங்காலைத் தட்டினான்.
டாஃப்னி உடனே எழுந்து பிரேக்கை விடுவித்தாள்.

வாசற்படியில் மறுபடியும் சக்கரம் சிக்கியது.
குனிந்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டவன் ஹெத்கோட்.
ரைட், என்றான் நெவில் அவன் தலைக்கு மேலாக.
அது நன்றிதானா என்று
டாஃப்னிக்கே சந்தேகம்.