ஐந்நூற்று நாற்பது

கம்பீனாஸில் ஜனவரி மழை.
உள்ளே யாரும் இல்லையென்று மூலைமூலையாகப் பார்த்து
பொத்தானை அழுத்தி
ஈயக் கதவைச் சாத்தினேன்.
மணி அலறி ஓய்ந்தது.
கதிர் உள்ளே போனது.

படிகம், எவால்டோவின் காப்பிக் கோப்பையருகே சிந்திய
சர்க்கரைத் துணுக்கைவிடச் சிறிது.
லாந்தனம் அலுமினேட்.
பன்னிரண்டாவது.

திரையில்
ஒரு புள்ளி விழவேண்டிய இடத்தில்
இரண்டு.

"கெட்ட படிகம். தூக்கி எறி."
போன வாரம் அடெல்மோ எழுதிய கடிதம் அவ்வளவுதான்.

எறியவில்லை.

"இரட்டையா? என் அக்கா பையன்கள் மாதிரியா?"
இரவுப் பணிக்கு வந்த எவால்டோ
சீஸ் ரொட்டியை மென்றபடி கேட்டார்.

இல்லை எவால்டோ,
ரெண்டு பேர் பிறக்கவில்லை.
பிறந்தது ஒன்றுதான், கொதிக்கக் கொதிக்க.
ஆறும்போது எந்தப் பக்கமாவது சாய்ந்தே ஆகவேண்டும்.
இந்த ஓரம் இப்படிச் சாய்ந்தது,
அந்த ஓரம் அப்படி.
இரண்டு சாய்வும் முட்டிக்கொண்ட இடத்தில்
ஒரு சுவர்.
ஓர் அணுகூட அறுபடாத சுவர்.
முதலில் சாய்ந்தது யார் என்று
கேட்கவே முடியாது.

"எங்கள் வீட்டிலும் அதைக் கேட்கக்கூடாது"
என்றார்.

உலையை ஏற்றினேன்.
முந்நூறில் அசைவில்லை, அல்லது
என் கண்ணுக்கு எட்டவில்லை.
நானூற்றைம்பதில் நெருங்கியிருந்தன.
அவசரமில்லாத நடை.
ஐந்நூற்று இருபதில்
இடையே ஒரு மயிரிழை கறுப்பு.

ஐந்நூற்று நாற்பது.
ஒன்று.

எவால்டோ மெல்வதை நிறுத்தினார்.

அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு
ஒரு மணி நேரம் இருந்தோம். தேவையே இல்லை,
இருபது நிமிடத்துக்கான தரவு போதும்.

பிறகு ஆறவிட்டேன்.
புள்ளி முதலில் தடித்தது,
நீண்டது,
இடுப்புச் சிறுத்தது,
விட்டது.

பழைய இடங்களிலேயே வந்து நின்றன.
ஆனால் ஏறும்போது இடது பிரகாசம்,
அறுபத்திரண்டுக்கு முப்பத்தெட்டு.
இறங்கியபின் வலது.
சுவர் நகர்ந்திருந்தது.
அதே படிகம், அதே உலை, அதே நான்.

விடியலில் பதிவேட்டில் ஒரு கட்டம் மிச்சம்:
படிகங்களின் எண்ணிக்கை.
ஒன்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
இரண்டு என்றேன்.
அதையும் அடித்துவிட்டு,
எந்த வெப்பநிலையில்? என்று எழுதினேன்.

எவால்டோ படிக்காமலே கையெழுத்திட்டார்.
மழை நின்றிருக்கலாம்.
இந்தக் கட்டடத்தின் சுவர்கள்
ரொம்பத் தடிமன்.