ஏழு சொட்டு

சத்துவாச்சாரி, மூன்றாவது குறுக்குத் தெரு.
போர்ட்டிகோவில் வாயைத் திறந்தபடி நிற்கிறது
அறுபத்தைந்தாம் வருடத்து ஸ்பிட்ஃபயர்.
பானெட் மட்டும் தனியாகத் திறக்காது இதற்கு,
முகம் முழுக்க முன்னால் கவிழும்,
பல் டாக்டரிடம் வந்த மாதிரி.

நைட் டூட்டி முடித்து வருகிறேன்.
யார் யாருடைய விலா எலும்போ
இன்னும் கண்ணுக்குள் வெள்ளையாய் நிற்கிறது.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க
என்று விடிய விடியச் சொன்ன வாய்க்கு
இங்கே வேலை இல்லை.
தேவநேசனின் பழைய பேண்ட்டை மாட்டிக்கொண்டு
அடியில் போய்ப் படுக்கிறேன்.

ராணிப்பேட்டையில், மூடிப்போன தோல் ஷாப்பில்,
உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது இது.
உப்பு தன் வேலையைச் செய்திருந்தது.
ஆக்ஸிலேட்டருக்குக் கீழே தரையே இல்லை,
குனிந்தால் சிமெண்ட்டும் ஒரு தேரையும் தெரிந்தன.
பி.எஃப். பணம் எடுக்கும் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்தில்
‘வீட்டுப் பராமரிப்பு’ என்று எழுதினேன்.
பொய்யில்லை. வீட்டில்தான் பராமரிக்கிறேன்.

பதிமூன்றாம் நெம்பர் ஸ்பானர் ஏறும், பிடிக்காது.
அரை இஞ்ச் நட்டு இது.
கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்,
என் விரல் மூட்டுத் தோல் எல்லாம்
அந்தச் சொச்சத்தில்தான் போனது.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை.
அதில் கலக்கும் சாராயத்துக்கு ரப்பர் என்றால் உயிர்.
ஒரே கோடையில் ஹோஸ் குழைந்து
கத்தரிக்காய் வதக்கலாய்க் கையோடு வந்தது.

சீட்டுக்குப் பேரணாம்பட்டுத் தோல்.
ஷூ கம்பெனி கழித்துப்போட்டது,
உண்ணி கடித்த வடு இருக்கிறதாம்.
இருக்கட்டும் என்றேன்.
நசீர் உசேன் அந்த வடுவை
உட்கார்ந்தால் தெரியாத பக்கமாய்த் திருப்பித் தைத்தார்.

பக்கத்து சீட்டுக்கடியில் கம்பளத்தை உரித்தபோதுதான்
அதைப் பார்த்தேன்.
பால்பவுடர் டப்பாவைத் தட்டையாக்கி
யாரோ ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.
பதினெட்டு ரிவெட். ஒன்றும் நேர்க்கோட்டில் இல்லை.
தகரத்தில் ஒரு குழந்தையின் பாதிச் சிரிப்பு
பெயிண்ட் உரியாமல் மிச்சமிருந்தது.
வெல்டர் தனகோட்டி எட்டிப் பார்த்து,
“அறுத்துக் கடாசிடலாம்கா” என்றான்.
கட்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது.
நிறுத்து என்றேன்.

எக்ஸ்ரேயில் சிலசமயம் தெரியும்.
எப்போதோ உடைந்து, யாரும் கட்டுப் போடாமல்
தானே கோணலாய்க் கூடிய எலும்பு.
படத்தைப் பார்த்தால் பதறும்.
ஆனால் அந்த ஆள்
குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து
வரிசையிலும் நின்றிருப்பார்,
இருமலுக்காக.

தனகோட்டி முணுமுணுத்தான்.
தகரத்தை விட்டுச் சுற்றிலும் பற்றவைத்தான்.

மே மாதம் முதல் ஓட்டம்.
விடியுமுன் கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி
காட்பாடி வரைக்கும் போய்விட்டேன்.
கூரை இல்லாத வண்டியில்
வேலூர்க் காற்று இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியம்.
திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது,
கிரீன் சர்க்கிளில் நின்றுபோனது.
பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.
“இன்னாக்கா, பொம்மை வண்டியா?” என்ற ஆட்டோக்காரர்
இறங்கி வந்து தள்ளினார்.
ஓரத்தில் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து,
பெட்ரோல் பம்புக்கு
ஈரத் துணி போட்டு உட்கார்ந்தேன்,
காய்ச்சல் இறங்கட்டும் என்று.
இருபது நிமிடத்தில் இறங்கியது.

“எப்பதான் முடியும் இது?” என்கிறான் தேவநேசன்,
ஞாயிறு கோயிலுக்கு அயர்ன் பண்ணிக்கொண்டே.
இன்ஜினுக்குக் கீழே நான் விரித்திருப்பது
குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி.
‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்பு போட்டிருக்கிறது.
அதை உருவி அவனிடம் காட்டுகிறேன்.
போன வாரம் பதினொரு சொட்டு ஆயில்.
இந்த வாரம் ஏழு.

அட்டையை மறுபடி உள்ளே தள்ளிவிட்டு
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
எட்டாவது, சம்ப் விளிம்பில்
உருண்டு தொங்குகிறது.

பிடிங்க, என்கிறேன்.
யாருக்கென்று தெரியவில்லை.