பெறுநர்

முன்பள்ளியில் ‘அ’ எழுதப் பழக்குகிறேன்.
மாசம் முடிய வரும் சம்பளத் துண்டில்
என் பெயருக்கு மேலே ஒரு படையின் இலச்சினை.
சிவில் பாதுகாப்பு என்று போட்டிருக்கும்.
இலக்கம் உண்டு எனக்கு. துவக்கில்லை.
பசையிருக்கு, மொட்டைக் கத்தரிக்கோல்,
மூக்குச் சிந்தத் தெரியாத பதினேழு பேர்.

போன கிழமை எமிலியான்
கள்ளப்பாட்டுக் கரைக்கு வலையில்லாமல் வந்தார்.
நேவியோ என்றேன்.
‘இல்லையப்பா, கரையோரக் காவல்.
அது வேற, இது வேற.
போட்டும் வெள்ளை.’
கொஞ்சம் பேசாமலிருந்து,
‘ஓட்டினவன் மட்டும்
முந்தி நேவியில நிண்ட அதே பெடியன்.
ரசீது தந்தவன், பாவம்.’

ரசீதை வெயிலில் காயவைத்தேன்.
உப்புப் பூத்த எழுத்துகளில்
வலையின் நீளம் பிழை,
எங்கள் பெயரும் பிழை,
திகதி மட்டும் சரி.

இரவு முறைப்பாடு எழுதக் குந்தினேன்.
யாருக்கு?
வெள்ளைப் போட்டுக்கு மேலே யார்,
அவருக்கும் மேலே யார் என்று
படிப்படியாய் ஏறிப் போனால்
உச்சியில் பாதுகாப்பு அமைச்சு.
எனக்குச் சம்பளம் போடுகிற அதே வாசல்.
பெறுநர் என்ற இடத்தில் எழுதியதை
அனுப்புநர் என்ற இடத்திலும்
எழுதலாம் போலிருந்தது.
விண்ணப்பத்தில் தொழில் என்றொரு கோடு;
‘ஆசிரியை’ என்றேன்,
வெட்டினேன்,
திரும்பவும் அதையே எழுதினேன்.

விடிய எமிலியான் கேட்டார்,
கடிதம் போட்டாச்சோ?
முத்திரை இல்லை என்றேன்.

இருந்தது.