அந்தப் பலகை

ஷார்ஜா, ரோலா சதுக்கத்துக்குப் பின்னால்
மொபைல் கவர் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
விசா படிவம், வாடகை ஒப்பந்தம், புகார்க் கடிதம்.
கடிதமென்றால் பதினைந்து திர்ஹம்.
இலக்கணச் சந்தேகத்துக்குக் காசில்லை,
அதனால் அதுதான் அதிகம்.

'ஒன்பது வருஷமா' என்பதற்கு சின்ஸா ஃபாரா?
'ஐ ஆம் ஹேவிங் டூ டாட்டர்ஸ்' ஏன் தப்பு மேடம்,
இப்பவும் இருக்காங்களே?
ஒருவர் 'லீவ்' என்ற சொல்லில் விரலை ஊன்றிக் கேட்டார்:
விடுப்புக்கும் இதுதான், விட்டுப் போறதுக்கும் இதுதானா?
முதலாளி எதை நெனச்சுக் கையெழுத்துப் போடுவான்?
எனக்குத் தெரியவில்லை.
'வெகேஷன்' என்று மாற்றிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவசிலிங்கம் வந்தார்.
சாரம் கட்டுகிறவர், சஜா பக்கம் ஏதோ கிடங்கு.
நாற்பது பக்க நோட்டில் பென்சிலால்
அவரே எழுதிவந்த ஆங்கிலம்.
பலகை உடைந்து பிஷ்ணு விழுகிற வரியில்
அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது.

உடைஞ்சுதுன்னா என்ன போடணும்?
ப்ரோக், என்றேன்.
உடைச்சாங்கன்னா?
அதுவும் ப்ரோக்தான்.
அவர் என்னை நம்பவில்லை.
நமக்கு ஒரு மெய்யெழுத்துப் போதும்.
உடைந்தது: தானாக.
உடைத்தது: யாரோ.
அங்கே பலகையே எழுவாயாக நின்று
எல்லாப் பழியையும் வாங்கிக்கொள்கிறது.

கம்பெனி எழுதிய அறிக்கையின் நகலை நீட்டினார்.
'எ ப்ளாங்க் ப்ரோக்.'
ஒரு பலகை.
நூறில் ஏதோ ஒன்று,
அன்று காலைவரை யாரும் பார்த்திராதது.

இந்த எ-வுக்கும் தி-க்கும் என்னங்க வித்தியாசம்?
பள்ளியில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்,
வாசலில் நிற்பவர்களை எண்ணியபடி:
முதல் தடவை சொன்னால் எ.
ஏற்கெனவே சொன்னதாக இருந்தால்,
எதைச் சொல்கிறோமென்று கேட்பவருக்கும் தெரிந்தால், தி.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.

செவ்வாக்கிழமை சொன்னேன், என்றார்.
ஃபோர்மேன்கிட்ட.
மூணாவது தட்டு, வடக்கு ஓரம், முடிச்சுக்கிட்ட கீறல்.
புதன்கிழமையும் சொன்னேன்.
அவரே குனிஞ்சு தடவிப் பாத்தாரு.
அப்ப தி தானே?

தி தான்.

அடித்தேன். மூன்றே எழுத்து.
இத்தனை வருஷத்தில் அதை எத்தனை ஆயிரம் தடவை
அடித்திருப்பேன், பார்க்காமலே.
இன்று விசைப்பலகையைப் பார்த்து அடித்தேன்.

பிஷ்ணுவுக்கு 'இஸ்'ஸா 'வாஸ்'ஸா என்று
நான்தான் கேட்க வேண்டியிருந்தது.
மை ரூம்மேட் என்று அவர் எழுதியிருந்த இடத்தில்
வினையே இல்லை.
இஸ், என்றார் சட்டென்று.
இஸ் போடுங்க. கண்ணு முழிச்சிட்டான்,
பருப்புச் சோறு கேட்டானாம்.

அச்சடித்த தாளில் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து
அதன் கீழே நகத்தால் ஒரு கோடிழுத்தார்,
மை படாத கோடு.
தமிழ்ல இதுக்கு என்ன? என்று கேட்டுவிட்டு
அவரே சொல்லிக்கொண்டார்:
அந்த. அந்தப் பலகை.

பையில் பத்துதான் இருந்தது.
அஞ்சு அடுத்த வெள்ளிக்கிழமை தர்றேன், என்றார்.
வாசல் வரை போய்த் திரும்பி
அந்த அஞ்சு, என்று திருத்தினார்.