ராதிம் கொடுத்துவிட்ட சாவி

ஓலமோத்ஸில் இறங்கியபோது
ராதிம் நடைமேடையின் தவறான முனையில் நின்றிருந்தான்.
என்றைக்கும் அப்படித்தான்.
கிராட்ஸ் ஓட்டல் ஒன்றின் சலவையறையில்
நாங்கள் நான்கு பேர் வேலை பார்த்த நாட்களிலும்
ஈரப் போர்வைகளை உலர்ந்தவற்றின்மேல் அடுக்கிவிட்டு
விசிலடித்துக்கொண்டு போவான்.
நெற்றி இப்போது உச்சிவரை ஏறியிருந்தது.
எனக்கு என்னென்ன ஏறியிருந்தது என்று
அவன் சொல்லவில்லை, நல்லவன்.

ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தும்
வீடெங்கும் நடமாடியது ஒரு பாலாடைக்கட்டி.
மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன்.
அவனுக்கு என் ழகரம் வராது.
ரகரமும் ஷகரமும் ஒரே மூச்சில் வரும்
அவர்களின் அந்த ஓர் எழுத்து எனக்கு வராது.
கணக்கு நேர்.

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள் எங்களில் என்றேன்.
'எங்களிடம் மருந்து இல்லை, மீன்.
விருந்தாளியும் மீனும் மூன்றாம் நாள் நாறும்.'
மூன்றாம் நாள் விடியுமுன்
பையை முதுகில் ஏற்றிவிட்டேன்.

நிலையத்தில் ஒரு சாவியைக் கையில் வைத்தான்.
பித்தளை, பல் தேய்ந்தது.
'செகெட்டில் இல்டிகோவிடம் கொடுத்துவிடு.
ஏன் இத்தனை வருடம் என்று கேட்டால்...'
மீதி வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.
பாழாய்ப்போன ரயில்
சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

வயலில் இரண்டு மான்கள்.
கடுகுப் பூ முடிந்த இடத்தில்
ஒரு நாடும் முடிந்ததாம்.
என் கைபேசி மட்டும் கவனித்து
நல்வரவு சொன்னது.

பிராத்திஸ்லாவாவில் தாரினா இல்லை.
ஆற்றுக்கு அக்கரையில், ஒன்றுபோல் நிற்கும்
சிமென்ட் அடுக்குகளில் அவள் அடுக்கைக் கண்டுபிடிக்கவே
மதியம் கழிந்தது.
நாயோடு வந்த ஒருவர் வியன்னாப் பக்கம் கைகாட்டினார்.
யாரோ ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ள
இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே.
முறை திடீரென்று மாறிவிட்டதாம்.
பிறகு அவளிடமிருந்து செய்தி:
'தபால் பெட்டி பூட்டவில்லை. திற.'
மின்கட்டணச் சீட்டுக்குப் பின்னால்
ஒரு பாட்டில் சர்க்கரைப் பாதாமி ஜாம்,
ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.
மே மாதத்தில் கம்பளி.
கிராட்ஸில் என் பாதம் விறைத்துக் கிடந்தது
அவள் கணக்கில் இன்னும் தீரவில்லை போல.
அவள் பால்கனிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து
ஜாமை விரலால் வழித்துத் தின்றேன்.
மேலே அவள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.
பார்த்துவிட்டு வந்தேன் என்றுதான் சொல்வேன்.

புடாபெஸ்ட் நாற்பது நிமிடம்.
உலகமே படமெடுத்துத் தள்ளும் நகரத்தில்
கழிவறைக்குச் சில்லறை தேடினேன்.

அப்புறம் தட்டை நிலம்.
மலை என்ற சொல்லையே கேட்டிராத நிலம்.
கால்சட்டைப் பையில் சாவி
தொடையின் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

இல்டிகோ சரியான இடத்தில் நின்றிருந்தாள்.
என் பெட்டி எந்தக் கதவோடு வரும் என்று
முன்பே கணக்கிட்டிருப்பாள்.
டீஸா ஆற்றின் மீன், மிளகாய்ச் சிவப்பில் கொதித்தது.
'முதல் நாள் மீன்' என்றேன்.
அவளுக்கும் அந்தப் பழமொழி தெரிந்திருந்தது.

சாவியைத் தட்டின் ஓரம் வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'இது எந்தக் கதவு?'
நடிப்பா, உண்மையா, தெரியவில்லை.
எழுந்து போய் வாசற்கதவில் நுழைத்தாள்.
நிலவறையில். சைக்கிள் பூட்டில்.
பக்கத்து வீட்டு மரக்கொட்டகையில்கூட.
முதலில் சிரித்துக்கொண்டே, பிறகு சிரிக்காமல்.

திரும்பி வந்தாள்.
பீர் பாட்டிலை மேசைவிளிம்பில் சாய்த்து
சாவியின் தலையால் மூடியை நெம்பினாள்.
அது மட்டும் திறந்தது.
நுரை மேசைத்துணியில் வழிந்தது.
இருவரும் துடைக்கவில்லை.

'முடி?' என்று கேட்டாள்,
பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.

'இருக்கிறது' என்றேன்.