கட்டபெட்டு, இரண்டாம் ஷிப்ட்

மேசை இழுப்பறையில் ஐந்து அடையாள அட்டைகள்.
ஆடி பிறப்பதற்குள் ஐந்து.
கயிற்றைச் சுற்றி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனது
நிரோஷா மட்டும்தான்.

"சொந்தக் காரணம்" என்று எழுதியிருந்தாள்.
எல்லாரும் அதைத்தான் எழுதினார்கள்,
ஒரே எழுத்துப்பிழையோடு.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம்
பெள்ளிராஜ் பார்க்கும் ஃபேக்டரியில்
எண்ணூறு ரூபாய் குறைச்சல்.
பஸ்ஸும் இரண்டு மாற வேண்டும்.
முதலாளிக்குக் கணக்கு உதைக்கிறது.
எனக்கு உதைக்கவில்லை.

மார்ச்சில் ஒரு ராத்திரி
ட்ரையர் பக்கம் நின்றவள் மூக்கைச் சுளித்து
"சார், தூள் கருகுது" என்றாள்.
மீட்டர் சரியாகத்தான் காட்டியது.
"உன்னைக் கேட்டேனா?"
அத்தனை பேர் முன்னால்,
மெஷின் சத்தத்துக்கும் மேலே.

கருகித்தான் இருந்தது.
அதை நான் சொல்லவில்லை. அவளும்.

என்னை ஆளாக்கியதே திட்டுதான் என்று
நினைத்திருந்தேன்.
பதினெட்டு வருஷம் தங்கினேனே!
வீட்டுக் கடன் தங்கவைத்ததை மறந்துவிட்டு.

ஜூனில் மறுபடி கருகியது, நூற்றிருபது கிலோ.
ஏழு பேர் நின்றார்கள். ஏழு மூக்கு.
ஒரு வாய் திறக்கவில்லை.

அங்கே இப்போது அவள்தான் ஷிப்ட் பார்க்கிறாளாம்.
மூடுபனி விலகினால்
அந்த ஜன்னல் விளக்குகள் தெரிகின்றன.
விலகாவிட்டாலும்
எங்கே இருக்கும் என்று தெரிகிறது.

நேற்று, புதிதாகச் சேர்ந்த கக்குச்சிப் பையன்
ட்ரையர் வாயருகே ஒரு நொடி நின்றான்.
மூக்கு விடைத்தது.
என்னைப் பார்த்தான்.

"என்னப்பா வாசனை?"
முடிந்தவரை மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார்."