ரட்லண்ட் பளிங்கு

வூஸ்டர். மார்ச் ஆகியும் பனி.

ஹெப்சிபா,
உன் கடிதம் வந்தது. பின்னாலேயே ரசீது:
ரட்லண்டிலிருந்து ஒரு பளிங்குக் கல்,
எழுபது டாலர், ரயில் கூலி தனி.
நம்மை அவள் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் களிமண்ணே போதும் என்று
நான்தான் எழுதினேன் உனக்கு.
அவசரப்பட்டுப் புகழாதே, கெட்டுப்போவாள் என்றும்.
அந்த வரியை நினைத்தால் காது சுடுகிறது.

நேற்று பாஸ்டனில் அவள் அறைக்குப் போனேன்.
அடுப்பு மூட்டவில்லை. களிமண் உறையாமலிருக்கத்
தன் சால்வையை அதற்குப் போர்த்தியிருந்தாள்.
விலக்கிக் காட்டினாள்:
சங்கிலி அறுத்தவள் இல்லை, மண்டியிட்டவளும் இல்லை
(நம் சந்தாதாரர்கள் அதைத்தானே கேட்டார்கள்),
மீன் ஆய்கிற ஒருத்தி.
கட்டைவிரலில் செதிள்.
யார் இது என்றேன்.
"வேலையாய் இருக்கிறாள்" என்றாள் ட்ரூசில்லா.

முப்பது வருஷம் மேடையேறிச் சொன்னோம்
மனிதருக்கு மனிதர் உடைமையில்லை என்று.
இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தால்
என் கையெழுத்திலேயே:
"நம் ட்ரூசில்லா."
முதல் சொல்லை அடித்தேன். மை பரவிப்
பெயரும் பாதி போயிற்று.

இத்துடன் நாற்பது டாலர். மீதியை நீ பார்.
விறகுக்கு ஐந்து, தனியாக;
அதற்குக் கணக்குக் கேட்காதே.
உளி பட்டுக் கல் விண்டுபோகுமோ என்று
எனக்கு இன்னும் பயம்தான்.
அவளிடம் சொல்லவில்லை.

தியடோசியா